கண் சிமிட்டாத பிள்ளை

திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் நானும் தைரியராஜும் பதினோரு வருஷம் அடுத்தடுத்த லேத்தில் நின்றிருக்கிறோம். இரண்டு பேரும் இரும்பு கடைகிற டர்னர்கள். குடியிருந்ததும் வரகனேரியில் ஒரே தெரு. காலையில் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவேன். என் பெயர் அழகர்சாமி. அவனுக்கு நான் வெறும் சாமி.

தைரியராஜ் என்று பெயர் வைத்தது அவனுடைய அப்பா. அந்தப் பெயர் தனக்குப் பொருந்துமா என்கிற சந்தேகம் அவனுக்கு உண்டு. எழுபத்தைந்தாம் வருஷம் விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. மேடு, பள்ளம், சேறு எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். இருபது பேர் ஓட்டினார்கள். மூன்றாவது சுற்றுவரை தைரியராஜ்தான் முதலில் போனான். அப்போது இடது பக்கம் ஓரக்கண்ணில் ஒரு சக்கரம் தெரிந்திருக்கிறது. கை தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிட்டது. ஒரு நொடிதான். அதற்குள் ஆறு வண்டி அவனைத் தாண்டிப் போய்விட்டது.

"மனசு பயப்படல சாமி. கை பயந்துடுச்சு," என்பான். பத்து வருஷம் கழித்தும் இதை என்னிடம் மாதம் ஒரு தடவையாவது சொல்வான்.

அவனுக்கு ஒரே பெண், பேட்ரிசியா. மனைவி ரோசம்மாள் அவனுடைய சொந்த மாமன் மகள். பிஷப்பிடம் அனுமதி வாங்கித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. குழந்தை ஒல்லியாக, நீளமாக, எதையும் நேராகப் பார்த்துப் பேசுகிற பிள்ளையாக வளர்ந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் கிறிஸ்துமஸ் லீவு. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் வாசலில் வண்டி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம். பேட்ரிசியா பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவனோ ஓங்கி அடித்த ரப்பர் பந்து அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. நான் தலையைக் குனிந்துவிட்டேன். தைரியராஜ் துள்ளி விலகினான். அவள் அசையவில்லை. சுவரில் பட்ட சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினாள்.

"பாத்தியா சாமி? கண்ணைக்கூட சிமிட்டல!"

அன்றைக்கு அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதிலிருந்து இது அவனுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போது ஓசைப்படாமல் பக்கவாட்டில் போய்க் கன்னத்தை நோக்கிக் கையை விசுக்கென்று வீசுவான். அவள் சிமிட்ட மாட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் செய்து காட்டுவான். எல்லோரும் ஆச்சரியப்பட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ரோசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வெயில்லேருந்து கோயிலுக்குள்ள நுழைஞ்சா பெஞ்சுல போய் இடிச்சுக்கறா, அத்தான். சாயங்காலமானா சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நடக்கறா. பக்கத்துல டம்ளர் வெச்சா தட்டி விட்டுடறா."

"வேகமான பிள்ளை. வேகமா போறவங்க இடிச்சுக்கத்தான் செய்வாங்க."

ரோசம்மாள் தினமும் முருங்கைக்கீரை வதக்கிக் கொடுத்தாள். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். இடிப்பது நிற்கவில்லை.

பிப்ரவரியில் பேட்ரிசியாவுக்குப் பதினொரு வயது முடிந்தது. "என்ன வேணும்?" என்று கேட்டான் தைரியராஜ்.

"வண்டி வேணும்ப்பா. கியர் வண்டி. மண்ணுல ஓட்டறதுக்கு."

அவன் தன் பந்தயக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்த ஆசையை ஊட்டி வைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளா என்று உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவனுக்கு அது இன்னும் வேகத்தைத்தான் கொடுத்தது.

பாலக்கரையில் மெக்கானிக் ஜெகபர் அலியிடம் போனோம். அவர் பேட்ரிசியாவை வரச் சொல்லி, தரையிலிருந்து இடுப்புவரை கையாலேயே சாண் போட்டு அளந்தார். அவளுடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"ராஜ், முதல் வண்டிக்கு மூணு விஷயம் பாக்கணும். உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசா ஊனணும். கிளட்ச்சுக்கு விரல் எட்டணும். கீழ விழுந்தா அவளே தூக்கி நிறுத்தணும். இந்த மூணும் இல்லாத வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம்."

"வேகம், பாய்?"

"வேகம் அவ கேக்கும்போது நீ குடுக்காத. அவ்வளவுதான்."

முதலில் ஒரு மொபெட் பார்த்தோம். அதில் கியர் இல்லை, அவள் வேண்டாமென்றாள். அடுத்து சின்னச் சக்கரம் வைத்த நூற்றெழுபத்தைந்து சிசி வண்டி. பார்க்கப் பிள்ளைகள் வண்டி மாதிரி குட்டையாக இருந்தது. ஜெகபர் அலி அதைத் தரையில் சாய்த்துப் போட்டு, "தூக்கும்மா" என்றார். அவளால் ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை. மூன்றாவதாக ஸ்ரீரங்கத்தில் ஒரு வண்டி இருப்பதாகச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தார். அறுபது சிசி, கியர் உண்டு, எடை கம்மி. "அதைவிடப் பொருத்தமா திருச்சியில கிடைக்காது."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். உத்திர வீதியில் ஒடுங்கலான, நீளமான வீடு. வண்டிக்குச் சொந்தக்காரர் ஆராவமுதன், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, ஐம்பது வயதிருக்கும். மகன் வடக்கே படிக்கப் போய்விட்டதால் வண்டி சும்மா நின்றது.

"வாங்கோ, வாங்கோ. கொழந்தைக்கா? பேஷ்! பெருமாள் கிருபையில நன்னா ஓட்டட்டும்," என்று வாய் நிறையச் சொல்லி, நடையில் துணி போர்த்தி வைத்திருந்த வண்டியைக் காட்டினார்.

பேட்ரிசியா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. கிளட்ச்சுக்கு விரல் எட்டியது. இறங்கி, வண்டியை மெதுவாகச் சாய்த்து, தானே நிமிர்த்தினாள். அவளுக்காகவே செய்த மாதிரி இருந்தது. தைரியராஜ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஆராவமுதன் உள்ளே போய் ஒரு தட்டில் வாழைப்பழம் கொண்டுவந்தார். மறுபடியும் வண்டியில் உட்கார்ந்து ஸ்பீடாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பேட்ரிசியாவின் இடது பக்கம் தட்டை நீட்டினார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை கூச்சப்படுகிறது என்று நினைத்தேன். அவர் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல முன்பக்கம் நகர்த்தினார். தட்டு ஹேண்டில் பாருக்கு நேரே வந்ததும் பேட்ரிசியா சட்டென்று சிரித்து, "தேங்க்ஸ் மாமா," என்று ஒரு பழத்தை எடுத்தாள்.

அவர் வலது பக்கம் போனார். வண்டிச் சாவியை அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டு ஆட்டாமல் பிடித்தார். அவள் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தைரியராஜ் குனிந்து சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், வண்டி குடுக்கறதுக்கில்லை," என்றார்.

தைரியராஜ் நிமிர்ந்தான். "என்னங்க? இப்பத்தானே நல்லா ஓட்டட்டும்னீங்க?"

"தப்பா எடுத்துக்கப்படாது. கொழந்தையை ஒரு தடவை நல்ல கண் டாக்டர்ட்ட காட்டுங்கோ. அவளுக்கு ஓரத்துல தெரியறதோன்னு எனக்கு சந்தேகமா இருக்கு. என் தங்கைக்கும் இப்படித்தான்..."

"என் பொண்ணு கண்ணுக்கு என்ன? கிளாஸ்ல கடைசி பெஞ்சுலேருந்து போர்டைப் படிக்கறா. குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எங்களுக்கு விக்க இஷ்டமில்லைன்னா அதைச் சொல்லுங்க. பிள்ளை மேல பழி போடாதீங்க."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லை..."

அவன் பேட்ரிசியாவின் கையைப் பிடித்து இறக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை பஸ்ஸில் ஆத்திரமாகவே பேசிக்கொண்டு வந்தான். அவர்கள் புத்தி, அவர்கள் தெரு, அவர்கள் பழம் என்று என்னென்னவோ. நான் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சாவியைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். அவன் இருந்த கோபத்தில் என்னையும் அவரோடு சேர்த்துவிடுவான் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பேட்ரிசியா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரமே தில்லை நகரில் ஒரு காலேஜ் மாணவனிடமிருந்து தைரியராஜ் வண்டி வாங்கிவிட்டான். நூறு சிசி. ஆண்பிள்ளைகள் ஆசைப்பட்டு ஓட்டுகிற வண்டி. பேட்ரிசியா உட்கார்ந்தால் கால் பெருவிரல் மட்டும்தான் தரையில் பட்டது.

ஜெகபர் அலி வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். "நான் சொன்ன மூணுல ஒண்ணுகூட இதுல இல்லையே, ராஜ்."

"வளர்ற பிள்ளை பாய். ரெண்டு வருஷத்துல சரியாயிடும். சீட்டை வெட்டிக் குறைச்சிடுங்க."

அவர் சீட்டைக் குறைத்தார். பின் ஸ்பிரிங்கை இறக்கினார். ஆற்று மணலில் பிடிமானம் கிடைக்க டயரில் கட்டை கட்டையாக வெட்டினார். கடைசியாக ஆக்சிலேட்டரில் ஒரு ஸ்குரூவை வைத்து, கால்பங்குக்கு மேல் திருக முடியாதபடி தடுத்தார். "இதைக் கழட்டறதா இருந்தா என்கிட்ட வந்து கேட்டுட்டுக் கழட்டு," என்றார்.

கோடை வந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி, கரையிலிருந்து கரைவரை வெறும் மணல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை ஒரு தட்டு ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு போவோம். பாலத்துக்கு மேற்கே ஈரம் காயாத ஒரு திட்டு கெட்டியாகக் கிடந்தது. அங்கே மூங்கில் குச்சிகளை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி, பாதை போட்டான் தைரியராஜ்.

அவள் ஓட்டினாள். நேர்ப்பாதையில் அவளைப் போல் ஓட்டிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. முதுகு நிமிர்ந்து, பார்வை அம்பு மாதிரி முன்னால் நிற்கும். திருப்பத்தில் மட்டும் குச்சிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போவாள். இடதுபக்கக் குச்சி, வலதுபக்கக் குச்சி, எல்லாம் சாயும். நான் போய் நட்டு வைப்பேன், மறுபடி சாயும். விழுந்து எழுந்து, மணலைத் துப்பிவிட்டு, "குச்சி எங்கப்பா இருந்துச்சு?" என்று கேட்பாள்.

"குச்சியைப் பாக்காத. பாதையைப் பாரு," என்று கத்துவான் அவன். என்னிடம் திரும்பி, "இடிக்கறா. ஆனா கை தளரலை பாரு," என்பான்.

மணலில் கிடந்த அந்தக் குச்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்ரீரங்கத்துத் தட்டு ஞாபகம் வரும். ஆறு ஞாயிறு போயின. ஆறு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஏழாவது ஞாயிறு, மே மாதக் கடைசி. காலையில் ஏதோ கல்யாணம் என்று சாயங்காலம்தான் போனோம். அவனே ஸ்குரூவைக் கழட்டியிருந்தான். ஜெகபர் அலியிடம் கேட்கவில்லை. "இன்னைக்கு நீளமா ஒரு ஓட்டம் ஓட்டட்டும்," என்றான். ரோசம்மாளும் அன்றைக்கு வந்திருந்தாள். கரையில் நின்றுகொண்டு, "இருட்டப் போகுது அத்தான், போதும்," என்று இரண்டு தடவை சொன்னாள்.

"இன்னும் ஒரு சுத்து."

சூரியன் முழுக்க இறங்கி, மணல் சாம்பல் நிறமாகிவிட்டது. பேட்ரிசியா மேற்கே தூரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களை நோக்கிக் கிளம்பினாள். அந்த நேரம் மணல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வலதுபக்கப் பள்ளத்திலிருந்து ஏறிப் பாதைக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் வீரமலை சாட்டையைத் தூக்கிக்கொண்டு "ஏய் பாப்பா! பாப்பா!" என்று கத்தினான். இன்ஜின் சத்தத்தில் அது அவளுக்கு எட்டியிருக்காது. வேகம் குறையவில்லை. இன்னும் கூடியது.

தைரியராஜ் தோளிலிருந்த துண்டை உருவி வீசிக்கொண்டு, இடதுபக்கமிருந்து பாதைக்குள் ஓடினான். தன்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று நம்பித்தான் ஓடினான். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. அப்பா துண்டை வீசிக்கொண்டு பத்தடி பக்கத்தில் வருகிறார், அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அவள் வண்டி அவன் காலில் மோதிச் சுழன்று விழுந்தது. மாடுகள் மிரண்டு பின்வாங்கின. மணல் அவளைக் காப்பாற்றியது. முழங்கையும் தாடையும் சிராய்த்ததோடு போயிற்று. தைரியராஜின் வலதுகால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்து, பாதம் திரும்பிக் கிடந்தது. ரோசம்மாள் கரையிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தாள்.

பேட்ரிசியா மணலில் தவழ்ந்தபடி அவன் முகத்தருகே வந்தாள். அழுதுகொண்டே அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"நீங்க எங்கேருந்துப்பா வந்தீங்க? நீங்க இல்லையே! அங்க யாருமே இல்லையே!"

வீரமலையின் வண்டியிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு அவனை அதில் படுக்க வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். வலியில் அவன் முனகக்கூட இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நானும் ரோசம்மாளும் கட்டில் பக்கத்தில் இருந்தோம். தைரியராஜ் மகளை அருகே கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"என் மூக்கைப் பாரும்மா. பாத்துக்கிட்டே இரு. கையைப் பக்கத்துல வெச்சிருக்கேன். எத்தனை விரல்?"

"எங்கப்பா கை?"

கை அவள் காதுக்கு நேரே இருந்தது. அவன் அதை மெதுவாக முன்னால் கொண்டுவந்தான். கன்னத்துக்கு வந்தது. "இப்ப?" "இல்லப்பா." கண்ணின் ஓரத்துக்கு வந்தது. "இப்ப?" "காட்டுங்கப்பா, விளையாடாதீங்க." கை அவளுடைய புருவத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட அவன் மூக்குக்குப் பக்கத்திலேயே வந்தபிறகு, "ஆங், ரெண்டு!" என்று சிரித்தாள்.

ரோசம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவன் அந்த இரண்டு விரலையும் மடக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் தாயையும் மகளையும் அழைத்துப் போனேன். அரைக்கோளம் மாதிரி ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகளைக் காட்டினார்கள். தெரியும்போது பொத்தானை அமுக்க வேண்டும். வெகுநேரம் அவள் அமுக்கவே இல்லை. கடைசியில் டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு ரூபாய் காசளவு வெள்ளை.

"கண்ணுக்குள்ள இருக்கிற திரை ஓரத்துலேருந்து காஞ்சிக்கிட்டே வருதும்மா. ராத்திரிப் பார்வைதான் முதல்ல போகும், அப்புறம் பக்கவாட்டு. சொந்தத்துல கல்யாணமா?"

"மாமா மகள், அத்தை மகனுங்க," என்றாள் ரோசம்மாள்.

டாக்டரம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார். மருந்து இல்லை என்றார். எத்தனை வருஷத்தில் முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். பேட்ரிசியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நடுவுல இருக்கிறதும் போயிடுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

அன்றைக்கு அந்த வாழைப்பழத் தட்டைப் பற்றி ரோசம்மாளிடம் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்களும் பாத்தீங்களாண்ணே?" என்றாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு தைரியராஜ் ஸ்ரீரங்கம் போனான். என்னைக் கூப்பிடவில்லை. ஆராவமுதனைப் பார்த்து என்ன பேசினான் என்று முழுதாகச் சொல்லவுமில்லை. தங்கைக்கு இருபத்தாறு வயதில் கடைசி வெளிச்சமும் போனது என்று அவர் சொன்னாராம். "மன்னிப்பு கேக்கத்தான் சாமி போனேன். அவரு என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழறாரு. 'அன்னிக்கு உங்க பின்னாடியே ஓடிவந்து சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன்'ங்கறாரு."

அவன் கால் நேராகக் கூடவில்லை. லேத்தில் நிற்க முடியாமல் போனதால் பட்டறையில் ஸ்டோர் பொறுப்பைக் கொடுத்தார்கள். வண்டியை ஜெகபர் அலி யாருக்கோ விற்றுவிட்டார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், நான் ஒன்றும் கேட்காமலேயே சொன்னான்: "எழுபத்தஞ்சுல என் கை பயந்துச்சுன்னு சொல்லுவேன்ல? பயமில்ல சாமி. கண்ணு வேலை செஞ்சிருக்கு. அவ்வளவுதான். அதைப் போய் நான்..." டிபன் பாக்ஸை மூடிவிட்டான்.

பேட்ரிசியாவை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான் அவன் பார்த்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாலு வயதில் சத்திரம் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தானே போய்ச் சேர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பழகினாள். தனியாகத்தான் போய்வருவேன் என்று அடம். ரோசம்மாள், "போகட்டும் அத்தான், தெரியறப்பவே பழகிக்கட்டும்," என்றுவிட்டாள்.

எண்பத்தொன்பது டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம் அவளைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஜனங்கள் முட்டிக்கொண்டு போனார்கள். அவள் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். ஒரு சைக்கிள்காரன் அவள் காலை உரசாத குறையாகப் போனான். அவள் அசையவில்லை. நான் சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்து, "பேட்ரி, மாமா," என்றேன்.

"மாமா! எங்க பஸ் வந்தா சொல்றீங்களா? போர்டு இன்னைக்குக் கொஞ்சம் மங்கலா இருக்கு."

போர்டில் மங்கல் ஒன்றுமில்லை. பக்கத்து டீக்கடை ஓரத்தில் தைரியராஜ் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். பேச வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினான். வேலை விட்டதும் தினமும் இங்கே வந்து, அவள் கண்ணுக்கு எட்டாத பக்கமாகவே நின்று, அவள் ஏறிய பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறிக்கொள்வது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேட்ரிசியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மாமா, அப்பா இங்கதானே எங்கயோ நிக்கறாரு?"

நான் டீக்கடைப் பக்கம் திரும்பினேன்.

"சொல்ல வேணாம். அந்தக் காலை இழுக்கற சத்தம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்."

பஸ் வந்தது. அவள் முன்வாசல் கம்பியைக் கையால் துழாவிப் பிடித்து ஏறினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, அவன் பின்வாசலுக்கு ஓடினான்.